புதிய நாட்டில் புதிய வேலை: பணிப்பெண்ணின் முதல் மூன்று மாதங்கள்

ஆசிரியராக விரும்புபவர் கல்வியியற் கல்லூரிக்குச் செல்கிறார். தாதியாக விரும்புபவருக்கு மூன்று வருடப் பயிற்சி உண்டு. பயிற்சி முடித்து முதன்முதலாக வாட்டுக்குள் நுழையும் தாதிக்குப் பக்கத்தில் மூத்த தாதி ஒருவர் நிற்பார். தையற்கடையில் சேரும் பையன்கூட முதலில் பொத்தான் தைத்துத்தான் வேலை பழகுவான். வேலைக்குப் புதிதாக வந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்காது. கொஞ்சக் காலம் பொறுத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும். இதை எல்லாத் தொழிலிலும் எல்லோரும் ஒப்புக்கொள்கின்றனர்.

ஒரு தொழிலில் மாத்திரம் இந்த வழக்கம் இல்லை. அரபு நாடொன்றுக்கு வீட்டுப் பணிப்பெண்ணாகச் செல்லும் எமது பெண், விமானத்தால் இறங்கிய மறுநாட் காலையிலேயே முழு வேலைக்காரியாகிவிடுகிறாள். மொழி தெரியாது, வீடு தெரியாது, அங்குள்ள பொருட்களின் பெயரும் தெரியாது. என்றாலும் அவள் தெரியாமற் செய்வதெல்லாம் சோம்பலென்றோ கீழ்ப்படியாமையென்றோ கணக்கிடப்படுகின்றது. புதிய வேலைக்குச் சென்றவள் கற்றுக்கொள்பவள் என்ற எண்ணம் வீட்டுக்காரருக்கு இல்லை; அனுப்பிய முகவருக்கும் இல்லை. கவலைக்குரிய விடயம் என்னவென்றால், வழியனுப்பி வைத்த எமக்கும் அந்த எண்ணம் பெரும்பாலும் இல்லை.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் முதல் மூன்று மாதங்களே மிகக் கடினமானவை. அவள் அந்த வீட்டில் நிலைப்பாளா, சம்பளம் ஒழுங்காகக் கிடைக்குமா, துன்பம் வந்தால் வெளியே சொல்ல வழியிருக்குமா என்பவையெல்லாம் பெரும்பாலும் அக்காலத்திலேயே தீர்மானமாகின்றன. அதற்கான ஆயத்தம் ஊரிலேயே நடைபெற வேண்டும் என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான்கு தசாப்தங்களுக்கு மேலாக

1970களில் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாடுகளிற் பணம் பெருகியது. வீடுகள் பெருத்தன, வீட்டு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. இலங்கையில் 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தபின் வெளிநாடு செல்வது இலகுவாயிற்று. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. 1990களின் நடுப்பகுதியில், இங்கிருந்து வேலைக்குச் சென்றோரில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்கள். அவர்களிற் பெரும்பாலானோர் வீட்டுப் பணிப்பெண்கள். பிற்காலத்தில் ஆண்களின் தொகை கூடியபோதிலும், பணிப்பெண்களின் பயணம் நிற்கவில்லை. பொருளாதாரம் நிலைகுலைந்த 2022ஆம் ஆண்டில் மாத்திரம், ஆண்களும் பெண்களுமாக 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலைக்கென நாட்டை விட்டுச் சென்றனர்.

வெளிநாட்டில் உழைப்போர் 2014இல் அனுப்பிய தொகை ஏறத்தாழ 700 கோடி டொலர். 2022இல் அது 400 கோடிக்குக் கீழே இறங்கியபோது நாட்டில் எரிபொருளுக்கும் மருந்துக்கும் என்ன நேர்ந்தது என்பதை நாம் எல்லோரும் வரிசையில் நின்று அறிந்தோம். 2024இல் அது மீண்டும் 650 கோடியைத் தாண்டியது. இத்தொகையின் ஒரு பங்கு, எங்கோ ஒரு வீட்டுக் குசினியில் நள்ளிரவில் பாத்திரம் கழுவும் பெண்ணின் கையிலிருந்து வருகின்றது.

வேலை ஊரிலேயே தொடங்குகின்றது

மட்டக்களப்பில் படுவான்கரைக் கிராமமொன்றிலோ பதுளையில் தோட்ட லயமொன்றிலோ வாழும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். கடன் இருக்கின்றது, நகை அடகில் இருக்கின்றது, வீட்டுச் சுவர் பாதியில் நிற்கின்றது. உப முகவர் ஒருவர் வருகிறார். அவர் பெரும்பாலும் ஊருக்குத் தெரிந்தவராகவே இருப்பார். பணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை, குடும்பத்துக்கு முற்பணமும் தருவோம் என்கிறார். அந்த முற்பணம் மூன்றே நாளிற் கடன்காரரிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

இம்முற்பணத்தின் மறுபக்கத்தைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அதைக் கைநீட்டி வாங்கிய பின்னர், "இந்த வேலை வேண்டாம்", "ஒப்பந்தத்தை வாசிக்க வேண்டும்", "நான் சொன்ன நாடு இதுவல்லவே" என்று சொல்ல அவளுக்கு வாய் வராது. அங்கே சென்று துன்பப்படும்போதும், "காசு வாங்கித்தானே போனாய்" என்ற சொல்லுக்குப் பயந்து பேசாமலிருப்பாள். முதலாவது தவறான வீட்டுக்கு அவளைக் கட்டிப்போடும் கயிறு எமது வாசலிலேயே திரிக்கப்படுகின்றது.

இன்னொன்று விசா. பணியகத்திற் பதியாமல் சுற்றுலா விசாவில் அனுப்பி, அங்கே வேலை விசாவாக மாற்றித் தருவோம் என்பவர்கள் இருக்கிறார்கள். இவ்வாறு ஓமானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண்கள் விலைபேசி விற்கப்பட்ட செய்தி 2022 நவம்பரில் வெளிவந்து நாட்டையே உலுக்கியது. பதிவின்றிச் சென்றவருக்குப் பணியகத்தின் காப்புறுதி இல்லை. அவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்பதும் எந்த அலுவலகத்திலும் பதிவாகியிருக்காது. ஆகவே, எவ்வளவு அவசரமானாலும் சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லக்கூடாது என்பதை ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

மாமா என்றால் யார்?

விமான நிலையத்தில் இறங்கியதும் முகவர் நிலையத்தின் ஆளோ வீட்டுக்காரரோ வந்து அழைத்துச் செல்வர். வீட்டுக்கு வந்ததும் பல இடங்களிற் கடவுச்சீட்டை வாங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுகின்றனர். சில இடங்களிற் கைத்தொலைபேசியையும் வாங்கிவிடுகின்றனர். வீடு இரண்டு மூன்று மாடி. குடும்பத்தில் எத்தனை பேர், யார் யாருக்கு என்ன உறவு என்பது விளங்கவே ஒரு கிழமை செல்லும்.

பிறகு மொழி. வீட்டுத் தலைவியை அங்கே "மாமா" என்று அழைப்பார்கள். வீட்டுத் தலைவர் "பாபா". எங்கள் பிள்ளைக்கு மாமா என்றால் தாயின் சகோதரன். "மாமா கூப்பிடுகிறார்" என்றதும் அவள் ஆண்கள் இருக்கும் பக்கம் ஓடுவாள். "தாலி!" என்று ஒரு சத்தம் கேட்கும். "இங்கே வா" என்று பெண்ணொருத்தியை அழைக்கும் அரபுச் சொல் அது. இவள் திடுக்கிட்டுக் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள். "ரூஹி" என்றால் போ. "மோயா" என்றால் தண்ணீர். "ஹலீப்" என்றால் பால். "மாஃபி" என்றால் இல்லை. "கலாஸ்" என்றால் முடிந்தது. தேநீருக்கு "நானா" கொண்டு வா என்றால் புதினா இலை. எமது முஸ்லிம் சகோதரிகளுக்கு நானா என்றால் அண்ணன் அல்லவா? திரும்பி வந்தவர்கள் இவற்றைச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று அவர்கள் சிரிக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் வராதவளை, வேண்டுமென்றே வரவில்லை என்றுதான் வீட்டுக்காரி நினைத்துக்கொள்வாள்.

இருநூறு சொற்கள் தெரிந்தால் ஒரு வீட்டில் வேலை செய்யலாம். அவற்றிலும் முதலிற் கற்க வேண்டியவை மூன்று: எனக்கு விளங்கவில்லை என்பதற்கு "மா ஃபஹம்த்", சுகமில்லை என்பதற்கு "மரீதா", சம்பளத்துக்கு "ராத்திப்" அல்லது "மஆஷ்". விளங்காவிட்டாலும் தலையாட்டுவது எமது பெண்களின் பழக்கம். ஊரில் அது மரியாதை. அங்கே அதுவே ஆபத்து. தலையாட்டிவிட்டு வேறொன்றைச் செய்பவள் பொய்க்காரி என்ற பெயரை வாங்குகிறாள். இரண்டு வருடம் குவைத்தில் இருந்து வந்த ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய மிக நல்ல புத்தி இதுதான்: "தங்கச்சி, விளங்காட்டி விளங்கல்லெண்டு சொல்லு. திரும்பக் கேட்டா ஏச்சுத்தான் விழும். கேக்காமச் செய்தா வேலையே போயிரும்."

தெரியாத வீடு, தெரியாத பொருட்கள்

விறகடுப்பிற் சமைத்து, பீலியிலோ கிணற்றடியிலோ துணி துவைத்து வளர்ந்தவளுக்கு அந்த வீட்டுப் பொருட்கள் புதியவை. பணியகத்தின் பயிற்சி நிலையங்களில் சலவை இயந்திரம், மின்னழுத்தி, மின்சார அடுப்பு, தூசி உறிஞ்சி ஆகியவற்றைக் காட்டிக் கொடுக்கிறார்கள். அது நல்லதே. ஆனால் ஒரு வகுப்பில் பலர் இருக்கும்போது ஒவ்வொருவரும் எத்தனை முறை கையாற் செய்து பார்க்க முடியும்? ஆகவே, போவதற்கு முன் ஊரிலேயே இப்பொருட்கள் உள்ள வீடொன்றில் நாலைந்து நாள் பழகிக்கொள்வது பெரும் உதவியாகும்.

சில விடயங்கள் உயிரோடு சம்பந்தப்பட்டவை. துணி வெளுக்கும் குளோரின் திரவத்தையும் மலசலகூடம் கழுவும் அமிலத்தையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. கலந்தால் நச்சு வாயு எழும். ஜன்னல் இல்லாத குளியலறையில் அது மூச்சை அடைத்துவிடும். அமோனியா உள்ள கண்ணாடி துடைக்கும் திரவத்தோடும் குளோரினைக் கலக்கக்கூடாது. இரண்டும் சேர்ந்தால் நன்றாக அழுக்குப் போகும் என்று எண்ணி ஊற்றுபவர்கள் உண்டு. அதேபோல் சலவைக்கல் தரையில் எலுமிச்சை, வினாகிரி, அமிலம் எதையும் போடக்கூடாது, மினுக்கம் போய்விடும். அப்படிப் பழுதான தரைக்காக அவளுடைய சம்பளத்தில் கைவைக்கப் பார்ப்பவர்களும் உண்டு.

காலநிலையும் சேர்ந்து கொள்கின்றது. கோடையில் குவைத்தில் வெப்பம் 50 பாகை வரை ஏறும். கூரைத் தாங்கியிலிருந்து வருவதால் குளிர்நீர்க் குழாயிலும் பகலிற் கொதிநீரே வரும். வீட்டுக்குள் குளிரூட்டி, மொட்டைமாடியிலும் முற்றத்திலும் அனல். இந்த மாறுதலில் முதல் மாதமே தலையிடி, மூக்கடைப்பு, கைகாற் பிடிப்பு என்பன வரும். தண்ணீர் அதிகம் குடிக்க வேண்டும். வேலை மும்முரத்திற் குடிக்க மறந்து சிறுநீர் எரிவு வந்து துன்பப்பட்டவர்கள் பலர்.

நோன்பு மாதத்திற் போய் இறங்குபவளுக்குச் சோதனை இரட்டிப்பு. இரவு பகலாகிவிடும். மாலையில் நோன்பு திறக்கும் உணவு, பின்னர் விருந்தாளிகள், அதிகாலைக்கு முன் மீண்டும் சமையல். இது ஒரு மாதத்துக்குரிய நிலை, எப்போதும் இப்படி இராது என்று முன்கூட்டியே தெரிந்தவள் தாங்கிக்கொள்வாள். தெரியாதவள், இரண்டு வருடமும் இதுதான் என்று எண்ணி முதற் கிழமையிலேயே மனமுடைந்து போவாள்.

கையிற் கொடுத்த குழந்தை

புதிதாக வந்தவளைக் கற்றுக்கொள்பவளாகப் பார்க்காததன் விலை என்ன என்பதை எமது நாடு ஒருமுறை மிகக் கொடுமையாக அறிந்தது. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக் 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். பிறப்புப் பதிவின்படி அப்போது அவருக்கு 17 வயது. கடவுச்சீட்டில் வயது கூட்டிக் காட்டப்பட்டிருந்தது. சென்று மூன்று கிழமையாவதற்குள், அவர் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. பால் புரையேறியதாக அவர் சொன்னார். கொலை என்று நீதிமன்றம் 2007இல் தீர்த்தது. விசாரணையின்போது அவருடைய மொழியைச் சரியாகப் பெயர்த்துச் சொல்ல ஆளிருக்கவில்லை என்ற குற்றச்சாட்டு எழுந்தது. பல நாடுகளிலிருந்து கருணை மனுக்கள் சென்றும், 2013 ஜனவரி 9ஆம் திகதி மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

இதில் எத்தனை கைகள் சேர்ந்திருந்தன என்பதை நாம் மறக்கக்கூடாது. சிறுமியின் வயதைக் கூட்டி எழுதிய கை ஒன்று. குழந்தை பராமரிப்பிற் பயிற்சி இல்லாதவளை அனுப்பிய கை ஒன்று. வந்து சில நாளேயான, மொழி தெரியாத ஒருவரிடம் பச்சைக் குழந்தையை ஒப்படைத்த கை இன்னொன்று.

வெளிநாடு செல்லும் பெண்களின் ஆகக் குறைந்த வயது நாட்டுக்கு நாடு வேறாக இருந்து, 2022இல் 21 என்று ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. ஆனால் எண்ணைக் காகிதத்தில் மாற்றிவிடலாம். பயிற்சியை அப்படி மாற்ற முடியாது. வீட்டு வேலைக்கென்று போனாலும் குழந்தை கைக்கு வரும் என்று எதிர்பார்த்தே ஒவ்வொரு பெண்ணும் ஆயத்தமாக வேண்டும். புட்டிப்பால் கொடுக்கும்போது குழந்தையின் தலை உயர்ந்திருக்க வேண்டும். புட்டியை வாயில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகக்கூடாது. பால் குடித்ததும் தோளிற் சாய்த்து ஏப்பம் விடச் செய்ய வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சடைத்தால், தலை கீழாகச் சரிந்திருக்கும்படி முன்னங்கையிற் குப்புறக் கிடத்தி, தலையைத் தாங்கிப் பிடித்து, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 முறை தட்ட வேண்டும். அடைப்பு நீங்காவிட்டால் நிமிர்த்திக் கிடத்தி, நெஞ்சின் நடுவே இரண்டு விரலால் 5 முறை அழுத்த வேண்டும். அதேநேரம் வீட்டாரைச் சத்தமிட்டு அழைக்க வேண்டும். இதைப் படித்தாற் போதாது; சுகாதார மருத்துவமாது ஒருவரைக் கொண்டு பொம்மையில் செய்து பழக வேண்டும்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

அரபு நாடுகளில் பணிப்பெண்ணுக்குச் சட்டமே இல்லை என்ற பழைய பேச்சு இப்போது முழுமையாகச் சரியல்ல. குவைத்தில் 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்கச் சட்டம் ஒரு நாளைய வேலை 12 மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது, கிழமைக்கு ஒரு நாள் ஓய்வு வேண்டும், கடவுச்சீட்டை வீட்டுக்காரர் பறித்து வைக்கக்கூடாது என்கின்றது. கட்டாரின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு 10 மணித்தியாலம் என்று வரையறுத்தது. 2021 மார்ச் முதல் அங்கு ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 1,000 ரியாலாக்கப்பட்டது; அது பணிப்பெண்களுக்கும் பொருந்தும். ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2022ஆம் ஆண்டுச் சட்டம் நாளொன்றுக்கு 12 மணித்தியால ஓய்வையும், அதில் 8 மணித்தியாலம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதையும் கூறுகின்றது.

எனினும், சட்டம் வீட்டு வாசலில் நின்றுவிடுகின்றது. தொழிற்சாலைக்குள் போகும் பரிசோதகர் தனியார் வீட்டுக்குள் இலகுவிற் போவதில்லை. அத்துடன் "கஃபாலா" என்னும் அனுசரணை முறையில், அவளுடைய வதிவிட அனுமதி வீட்டுக்காரரின் பெயரோடு கட்டப்பட்டுள்ளது. சில நாடுகள் இதைத் தளர்த்தியிருந்தாலும், வீட்டை விட்டு வெளியேறுபவள் "ஓடிப்போனவள்" என்று முறையிடப்பட்டுச் சிறைப்படும் ஆபத்து நீங்கவில்லை. ஆகவே, தாங்க முடியாத நிலையில் வெளியேறினால் தெரிந்தவர் வீட்டுக்கோ வேறு வேலை தருவதாகச் சொல்பவரிடமோ செல்லாமல், நேரே இலங்கைத் தூதரகத்துக்கே செல்ல வேண்டும்.

இங்கே பலருக்குத் தெரியாத ஒரு விடயம் உண்டு. புதிய பணிப்பெண்ணுக்குப் பரீட்சார்த்த காலம் ஒன்று இருக்கின்றது. சவூதியில் அது 90 நாள். குவைத்தில் முகவர் நிலையம் வீட்டுக்காரருக்கு 6 மாத உத்தரவாதம் கொடுக்கின்றது. அக்காலத்துக்குள் பெண் திரும்பி வந்தால் நட்டம் முகவர் நிலையத்துக்கே. அதனாற்றான் முதல் மாதங்களில், "பொறுத்துக்கொள், எல்லாம் சரியாகிவிடும்" என்று முகவர் ஆட்கள் வற்புறுத்துகின்றனர். ஆனால் அதே காரணத்தால் வீடு மாற்றிக் கேட்பதற்கும், முறையிடுவதற்கும் ஏற்ற காலமும் அதுவேயாகும். அக்காலம் கடந்துவிட்டால் முகவர் நிலையத்துக்கு அவளிடம் அக்கறை குறைந்துவிடும். "மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்லுவோம்" என்று காத்திருந்தவள், சொல்ல வாய் திறக்கும்போது கேட்க ஆளில்லாமற் போகின்றாள்.

எல்லாக் கஷ்டமும் முறையீட்டுக்குரியதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சாப்பாடு பிடிக்கவில்லை, வீட்டுக்காரி சத்தமாகப் பேசுகிறாள், ஊர் நினைவு வருகின்றது என்பவை நாளடைவிற் பழகக்கூடியவை. அடி, பட்டினி, அறையிற் பூட்டிவைத்தல், ஆண்களின் தொந்தரவு, சம்பளம் கொடாமை, இரண்டாவது வீட்டிலும் வேலை வாங்குதல் என்பவை பொறுக்கத் தகாதவை. இந்த வேறுபாட்டைப் போகுமுன்பே அவள் மனதிற் பதித்துக்கொள்ள வேண்டும். தனிமையில் அழுதுகொண்டிருக்கும் இரவில் அதைப் பிரித்துப் பார்ப்பது இலகுவல்ல.

முதற் சம்பளமும் வீட்டு அழைப்பும்

முதல் மாதம் முடிந்ததும் சம்பளம் கைக்கோ வங்கிக்கோ வர வேண்டும். "சேர்த்துத் தருகிறேன்" என்று மூன்று மாதத்தை ஒன்றாக்குவதற்கு இடங்கொடுத்தால், பின்னர் அது ஆறு மாதமாகும், ஒரு வருடமாகும். கையெழுத்து வாங்கும் தாளில் என்ன எழுதியிருக்கின்றது, எந்த மாதத்துக்கு எவ்வளவு என்பதைச் சிறு கொப்பியொன்றில் தன் கையால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் வழக்கொன்று வந்தால் அந்தக் கொப்பி பேசும்.

பணம் வந்து சேரும் வங்கிக் கணக்கு அவளுடைய பெயரிலேயே இருக்க வேண்டும். வீட்டுச் செலவுக்கு இவ்வளவு, கடனுக்கு இவ்வளவு, மிச்சம் சேமிப்பு என்று போகுமுன்பே கணவரும் பெரியவர்களும் இருந்து பேசி முடிவெடுப்பது நல்லது. திரும்பி வந்து பார்க்கும்போது சுவர் அதே பாதியில் நிற்கக் கண்ட பெண்கள் எமது ஊர்களிற் குறைவில்லை.

பிள்ளைகளைப் பற்றியும் எண்ண வேண்டும். 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மாரை அனுப்பக்கூடாது என்று 2013இல் வந்த விதி, 2022இல் 2 வயது என்று தளர்த்தப்பட்டது. விதி எதுவாயினும், பிள்ளையைப் பார்ப்பவர் யார் என்பது பெயர் சொல்லி முடிவாக வேண்டும். "அம்மாவும் இருக்கிறா, தங்கச்சியும் இருக்கிறா" என்றால் ஒருவரும் இல்லை என்றே பொருள்.

தொலைபேசி இப்போது கையில் இருக்கின்றது. முகம் பார்த்துப் பேசலாம். ஆனால் நேர வித்தியாசம் உண்டு. குவைத், சவூதி, கட்டார் நாடுகள் எமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அங்கே இரவு பத்துக்கு வேலை முடிந்து அவள் அழைக்கும்போது இங்கே பன்னிரண்டரை, பிள்ளை தூங்கிவிடும். ஓய்வு நாளில் ஒரு நேரத்தைக் குறித்து, அந்நேரத்தில் பிள்ளை விழித்திருக்கும்படி வீட்டார் பார்த்துக்கொள்ள வேண்டும். "கூரை ஒழுகுகின்றது, கடன்காரன் வந்தான்" என்று ஒவ்வொரு நாளும் சொன்னால், துன்பமான வீட்டிலும் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவாள். "நீ எப்படி இருக்கிறாய்? சாப்பிட்டாயா? உண்மையைச் சொல்லு பிள்ளை" என்று கேட்க வேண்டும்.

ஊர் செய்யக்கூடியவை

இவற்றிற் பெரும்பாலானவை அரசாங்கத்தை எதிர்பாராமல் மாதர் சங்கமும் கிராம அபிவிருத்திச் சங்கமும் செய்யக்கூடியவை.

முதலாவது, திரும்பி வந்த பெண்களே ஆசிரியைகள். எந்த ஊரிலும் நாலைந்து பேராவது இருப்பர். மாலை வேளைகளில் பத்து வகுப்பு வைத்தால், இருநூறு அரபுச் சொற்களையும், வீட்டுப் பொருட்களையும், அவ்வீடுகளின் பழக்கவழக்கங்களையும் அவர்களே சொல்லிக் கொடுப்பர். இவர்களிடம் உள்ள அறிவை இதுவரை நாம் அறிவாக மதிக்கவில்லை. ஊர்க்கதையாகவே கேட்டு வந்தோம்.

இரண்டாவது, பத்திரங்களின் பிரதி. கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம், பணியகப் பதிவு, காப்புறுதி, இங்குள்ள முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கம், அங்குள்ள வீட்டுக்காரரின் பெயரும் விலாசமும் தொலைபேசியும் என்பவை வீட்டில் ஒரு தொகுதி, சங்கத்தில் ஒரு தொகுதியாக இருக்க வேண்டும். ஆபத்து வரும்போது முதலிற் கேட்கப்படுவது இவைதான்.

மூன்றாவது, அழைப்புக் கணக்கு. புதிதாகச் சென்றவரிடமிருந்து முதல் மூன்று மாதத்தில் எப்போது அழைப்பு வந்தது, சம்பளம் வந்ததா என்று சங்கத்தில் ஒருவர் வீட்டாரிடம் கேட்டுக் குறித்து வைக்க வேண்டும். இரண்டு கிழமை சத்தமில்லையென்றால் மூன்றாவது கிழமைக்குக் காத்திருக்கக் கூடாது. பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் வெளிநாட்டு வேலைவாய்ப்பு விடயத்துக்கென இருக்கும் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் எழுத்தில் முறையிட்டுப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும்.

நான்காவது, திரும்பி வருபவளை ஏற்றுக்கொள்ளும் மனம். ஒப்பந்தம் முடியுமுன் வந்தவளை, "ஏன் வந்தாய், என்ன செய்தாய்" என்று கேட்கும் ஊருக்குப் பயந்தே பலர் கொடிய வீடுகளில் இருந்துவிடுகின்றனர். வந்தவளுக்கு ஒரு கோப்பைத் தேநீர் கொடுத்து, வந்தது நல்லது என்று சொல்ல எமக்குச் செலவொன்றுமில்லை.

புலம்பெயர் தொழிலாளரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சாசனத்தில் இலங்கை 1996இல் இணைந்தது. வீட்டுப் பணியாளருக்குக் கண்ணியமான வேலை வேண்டும் என்ற சாசனத்தைச் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனம் 2011இல் ஏற்றுக்கொண்டது. இவை நீண்ட பாதையின் மைல்கற்கள். அப்பாதையில் அரசுகள் நடக்க வேண்டும். நடக்கும்படி நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் விமானம் ஏறப்போகும் பெண்ணுக்கு அதுவரை காத்திருக்க நேரமில்லை. அவளுக்கு இன்று மாலை ஒரு வகுப்பு வேண்டும், ஒரு கொப்பி வேண்டும், சொல்லிக் கொடுக்க ஓர் அக்கா வேண்டும். இம்மூன்றும் உங்கள் ஊரிலேயே இருக்கின்றன.